பன்னிரண்டு நாளில் ஒரு நாடகம்

(பெசன்ட் நகரில் நடைபெற்ற சங்க இளைஞர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

 

நம் சங்கம் கால் நூற்றாண்டைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்களுக்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அதைப் பேச என்னினும் தகுதி வாய்ந்தவர்கள் இம்மேடையில் பலர் அமர்ந்திருக்கிறார்கள். நான் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் பணியாற்றி வருபவன். ஆண்டு தவறாமல் பிள்ளைகளைக் கொண்டு நாடகம் போட்டு வருபவன். ஆகவே என் கைக்குப் பழகிய தொழிலைப் பற்றியே பேச விரும்புகிறேன். குறைந்த நாட்களில் ஒரு நாடகத்தைப் பயிற்றுவித்து மேடையேற்றுவது எங்ஙனம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

"நாடகம் பொழுதுபோக்குத்தானே, பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்குமே" என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். வகுப்பில் ஆண்டு முழுதும் வாய் திறவாத பிள்ளை, ஊரார் முன்னிலையில் நிமிர்ந்து நின்று நான்கு வாக்கியம் பேசிவிட்டால், அடுத்த வாரம் வகுப்பில் எழுந்து ஐயம் கேட்கிறது. இதனை நான் ஒருமுறையன்று, பலமுறை கண்டிருக்கிறேன்.

என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறித் தொடங்குகிறேன். 1980-களின் தொடக்கத்தில் நான் எட்டாம் வகுப்பு மாணவன். பள்ளி ஆண்டு விழாவிற்கு அரச நாடகம் ஒன்றைப் போடுவதாக முடிவாயிற்று. பள்ளியின் பெயரும் ஆசிரியரின் பெயரும் இங்கு வேண்டா. விழாவிற்குப் பத்து நாட்களே இருந்தன. எனக்கு அமைச்சர் வேடத்தின்மீது ஆசை. துணிந்து கேட்டுவிட்டேன். ஆசிரியர் சினக்கவில்லை, சாதியைச் சொல்லவும் இல்லை. "உன் உச்சரிப்பைத் திருத்த நாள் எங்கேயப்பா இருக்கிறது? அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று மெதுவாகவே சொன்னார். எனக்குக் கிடைத்தது அரசனுக்குப் பின்னால் நின்று விசிறி வீசும் வேலை. விசிறியோடு நின்றவர்கள் இருவர். இருவரும் ஒரே தெருவிலிருந்து வந்தவர்கள். அடுத்த ஆண்டும் நாள் இல்லாமல் போயிற்று.

அன்று விளங்காத ஒன்று, நான் ஆசிரியனான பின்பு விளங்கிற்று. நாள் குறைவாக இருக்கும்போது நாடகத்தை நடத்துகிறவன் என்ன செய்கிறான்? சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருக்கிற பிள்ளையைத் தேடுகிறான். மேடையில் முன்னரே பேசிப் பழகியவன் யார், வீட்டில் நூல்கள் உடையவன் யார், மாலையில் வேலை இல்லாமல் ஒத்திகைக்கு வரக்கூடியவன் யார் என்று பார்க்கிறான். அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. அவசரத்தில் இருந்தால் போதும். 'நாள் இல்லை' என்ற ஒரு சொல், சாதிப் பெயரை உச்சரிக்காமலே சாதியின் வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே, குறைந்த நாளில் நாடகம் போடும் முறையை நாம் கற்றுக்கொள்வது வெறும் கலைத்திறன் பற்றியது அன்று. எந்தப் பிள்ளை பேசும், எந்தப் பிள்ளை விசிறி வீசும் என்பது அதில் அடங்கியிருக்கிறது.

இனி, குறைந்த காலத்தில் நாடகம் போடுவது உலகில் புதிதா என்றால், இல்லை. தமிழ் நாடக உலகின் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதை அவருடைய மாணவரான டி. கே. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூலில் பதிவு செய்திருக்கிறார். 1918-ல் மதுரையில் சுவாமிகள் தொடங்கிய பாலர் சபையில் சேர்ந்த சிறுவர்களில் சண்முகமும் அவர் தமையன்மாரும் இருந்தனர். ஆசிரியர், பிள்ளைகள், பாட்டு, பயிற்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தமையால், ஓர் இரவில் எழுதிய நாடகத்தையும் விரைவில் மேடைக்குக் கொண்டுவர அவர்களால் இயன்றது. அந்தப் பாலர் சபைகளில் பிரம்படியும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வேகத்தை நாம் எடுத்துக்கொள்வோம். பிரம்பை அங்கேயே விட்டுவிடுவோம்.

அதனினும் வியப்பிற்குரியது ஸ்பெஷல் நாடகம். மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி விடிய விடிய நடப்பது இது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் ஆர்மோனியக்காரரும் மத்தளக்காரரும் தத்தம் ஊர்களிலிருந்து வந்து சேர்வார்கள். இயக்குநர் என்று ஒருவர் இல்லை. ஒத்திகை என்று ஒரு நாளும் இல்லை. ஒப்பனை செய்துகொள்ளும் இடத்தில் சந்திப்பவர்கள், இரவு பத்து மணியளவில் மேடையேறி, பொழுது புலரும்வரை 'வள்ளி திருமண'த்தை நடத்தி முடிப்பார்கள்.

இது எப்படி நடக்கிறது? கதை எல்லாருக்கும் தெரியும். காட்சிகளின் வரிசை மாறுவதில்லை. எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்பது பழகியது. இடையில் வரும் தர்க்கத்தை அவரவர் திறமைக்கேற்ப நீட்டவும் சுருக்கவும் செய்யலாம்; ஆனால் அது எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். எவரேனும் தடுமாறினால் ஆர்மோனியம் பாட்டை எடுத்துக்கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். ஒத்திகையே இல்லை என்று நாம் சொல்லுவது தவறு, அன்பர்களே. அவர்களுடைய ஒத்திகை பல்லாண்டுகளுக்கு முன்பே, அவர்கள் வாழ்க்கையிலேயே நடந்து முடிந்துவிட்டது.

மேலைநாட்டிலும் இத்தகைய முறைகள் இருந்தன. ஷேக்ஸ்பியர் காலத்து நடிகனுக்கு முழு நாடகத்தையும் எழுதித் தர மாட்டார்கள். தாளும் எழுதும் கூலியும் மிகுதி. அவனுடைய வசனங்களையும், ஒவ்வொன்றிற்கும் முன்னால் பேசுகிறவனின் கடைசிச் சில சொற்களையும் மட்டுமே தனிச் சுருளில் எழுதித் தருவார்கள். சென்ற நூற்றாண்டில் இங்கிலாந்தின் சிறு நகர்களில் வாரம் ஒரு புதிய நாடகம் போடும் குழுக்கள் இருந்தன. இரவில் இவ்வார நாடகத்தை நடித்துக்கொண்டே, பகலில் அடுத்த வார நாடகத்திற்கு ஒத்திகை பார்ப்பார்கள்.

நமக்கு அருகிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இங்கிருந்து தெற்கே, கடற்கரைச் சாலையில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமத்தில், வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் (1925-2011) 1980-ல் ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினார். படுதா வேண்டா, வண்ண விளக்கு வேண்டா, மனிதனின் உடலும் குரலும் போதும், மக்கள் இருக்கும் இடத்திற்கு நாடகம் செல்லட்டும் என்பது அவர் கொள்கை. சில நாட்களே நடந்த அப்பட்டறை, சென்னையின் வீதி நாடகக் குழுக்களுக்குப் புது வலிவு தந்தது. பின்னாளில் பேராசிரியர் கே. ஏ. குணசேகரன் (1955-2016) 'பலி ஆடுகள்' போன்ற நாடகங்களால் தலித் அரங்கிற்கு வடிவம் கொடுத்தபோது, நம் மக்களின் பாட்டும் பறையும் ஆட்டமும் தலைநிமிர்ந்து மேடைக்கு வந்தன.

இவற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டவை இரண்டு. ஒன்று, குறைந்த நாளில் போடும் நாடகம், நடிப்பவர்களுக்கு முன்னரே தெரிந்த ஒன்றின்மீது எழுப்பப்பட வேண்டும். மற்றொன்று, தடுமாறினால் திரும்பி வரும் வழியும் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்க வேண்டும். இவை கையில் இருந்தால் அவசரம் நம்மை ஆளாது.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் நாங்கள் போட்ட நாடகத்தையே சான்றாக வைத்து, வேலை நடந்த விதத்தைச் சொல்லுகிறேன். அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14-ஆம் நாள் நாடகம் நடைபெற வேண்டும். மார்ச் மாதம் முழுவதும் தேர்வுப் படிப்பு. ஆகவே ஏப்ரல் 2 முதல் 13 வரை பன்னிரண்டு நாட்களே எங்களுக்குக் கிடைத்தன. நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம். மொத்தம் 18 மணி.

முதலில் கணக்குப் போடுங்கள். 18 மணி என்பது 1,080 நிமிடம். நாங்கள் எழுதிய நாடகம் முதலில் 30 நிமிடம் ஓடியது. அதை 20 நிமிடமாகக் குறைத்தோம். ஏழு காட்சிகளை ஐந்தாக்கினோம். இப்போது கையிலிருக்கும் நேரம் நாடகத்தைப் போல் 54 மடங்கு. கூடிச் சேர்வதிலும் பேசித் தீர்ப்பதிலும் பாதி போய்விட்டது என்று வைத்துக்கொண்டாலும் 27 மடங்கு மிஞ்சுகிறது. நாடகத்தை வெட்டத் தயங்குகிறவன்தான் நாள் போதவில்லை என்று புலம்புவான். ஆளைக் குறைக்காதீர்கள், பக்கத்தைக் குறையுங்கள்.

அடுத்து, எந்தக் கதை? நாங்கள் எடுத்துக்கொண்டது இந்த மண்ணின் கதை. கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட், அக்காலத்தில் 'பஞ்சமர்' என்று அழைக்கப்பட்ட நம் பிள்ளைகளுக்காக, 1894-ல் ஊரூரில் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அவர் பெயரைத் தாங்கிய பள்ளி பெசன்ட் நகரில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பண்டிதர் அயோத்திதாசர் அவரோடு தொடர்பு கொண்டதும், 1898-ல் இலங்கை சென்று பௌத்தம் தழுவியதும் வரலாறு. இதே வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. இந்த நகருக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட் அம்மையார், 1909-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில், ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று கூறினாலும், மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பறையில் அமரும் தகுதி அவர்களுக்கு வரச் சில தலைமுறைகள் ஆகும் என்று எழுதினார். அண்ணல் அம்பேத்கர் 1945-ல் வெளியிட்ட நூலில் இதனை எடுத்துக்காட்டியிருக்கிறார். அம்மையார் நாட்டிற்குச் செய்த வேறு பணிகளை நான் மறுக்கவில்லை. ஆனால், 'தலைமுறைகள் ஆகும், காத்திரு' என்று ஒரு காலத்திலும், 'நாள் இல்லை, விலகி நில்' என்று மற்றொரு காலத்திலும் நமக்குச் சொல்லப்பட்டதை எண்ணிப் பாருங்கள். காலம் என்பது எப்போதும் நமக்கு எதிராகவே அளக்கப்பட்டு வந்திருக்கிறது.

அந்த முதல் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பலாமா வேண்டாவா என்று ஒரு குடும்பம் தயங்குவதுதான் எங்கள் நாடகம். குடும்பம் கற்பனை, பள்ளி உண்மை. இக்கதையைத் தேர்ந்ததால் கிடைத்த பெரிய நன்மை ஒன்றைக் கூற வேண்டும். கதையில் வரும் தாயும் தந்தையும் தங்கள் தெருப் பேச்சையே பேசுகிறார்கள். ஆகவே எங்கள் பிள்ளைகளின் உச்சரிப்பு திருத்த வேண்டிய குறையாக இல்லாமல், நாடகத்திற்கு வேண்டிய முதலாக மாறிற்று. தண்ணீர்க் குடம் தூக்குவதும், பள்ளிக் கட்டணத்தை எண்ணி அஞ்சுவதும் அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டிய செயல்கள் அல்ல. ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கு வள்ளி கதை எப்படியோ, எங்கள் பிள்ளைகளுக்கு இக்கதை அப்படி.

முதல் இரண்டு நாட்களில் எவரையும் நிற்க வைக்கவில்லை. பதினான்கு பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நாடகத்தை நானே ஒருமுறை உரக்கப் படித்தேன். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, கதையை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொன்னேன். அவர்கள் மறந்த இடங்கள் நாடகத்தில் தேவையற்ற இடங்கள் என்று கண்டு, அவற்றை வெட்டினேன். இரண்டாம் நாள் முடிவில் வேடங்களைக் கொடுத்தேன். ஒவ்வொரு வேடத்திற்கும் மாற்று ஆள் ஒருவர் உண்டு. ஏப்ரல் மாதத்துக் காய்ச்சலுக்கு நம் விழா நாள் தெரியாது அல்லவா? வசனங்களைத் தனித்தனித் தாளில், முன்னால் பேசுகிறவரின் கடைசிச் சொற்களோடு எழுதிக் கொடுத்தேன். ஆனால் முழுக் கதையையும் கேட்ட பிறகே அத்தாள் கைக்குச் செல்ல வேண்டும். இல்லையேல் பிள்ளை தன் முறைக்காக மட்டும் காத்திருக்கும், எதிரில் நிற்பவர் பேச்சைக் கேளாது.

மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை, யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதைக் காட்சி காட்சியாக அமைத்தோம். இங்கேதான் நான் ஒரு பிழை செய்தேன். அதை மறைக்காமல் கூறுகிறேன்.

தந்தை வேடம் ஏற்ற மாணவன் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் வரவில்லை. நாட்களை எண்ணிக்கொண்டிருந்த எனக்குப் பொறுமை போயிற்று. அவன் பெயரை அடித்துவிட்டு, வேறொருவனைப் போட்டேன். அன்றிரவு அவன் தாயார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மாலை நான்கரை முதல் எட்டு வரை எலியட்ஸ் கடற்கரையில் அவர் சுண்டல் விற்பவர். மகன் கூடையோடு உடன் செல்பவன். அந்தக் குடும்பத்தின் அடுப்பு எரிவது அந்த மூன்றரை மணி நேரத்தில்தான். அவர் என்னிடம் வாதாடவில்லை. "எல்லா எடத்துலயும் இவனுக்கு நேரம் இல்லன்னுதான் சார் சொல்றாங்க. நீங்களும் அதத்தான் சொல்றீங்க" என்றார். வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

எட்டாம் வகுப்பில் விசிறியோடு நின்ற எனக்கு அச்சொல் எங்கே பட்டிருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். என் ஆசிரியர் செய்ததையே, அவரைப் போலவே சினமின்றி, நானும் செய்திருந்தேன்.

மறுநாள் கரும்பலகையில் ஓர் அட்டவணை வரைந்தேன். முன்பு காட்சிகளின் வரிசைப்படி ஒத்திகையை அமைத்திருந்தேன். இப்போது பிள்ளைகளின் நேரத்தை முதலில் எழுதினேன். யாருக்குக் காலையில் தண்ணீர்ப் பிடிக்கும் வேலை, யாருக்கு மாலையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலை, யார் கடைக்குப் போகிறவர் என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தபோது ஓர் உண்மை தெரிந்தது. பதினான்கு பேரும் ஒன்றாகக் கூட வேண்டிய காட்சி கடைசிக் காட்சி ஒன்றே. மூன்றாம் காட்சிக்கு மூவர் போதும். அம்மூவருக்கும் காலை ஆறு முதல் ஆறே முக்கால் வரை ஓய்வு உண்டு. அம்மாணவனின் வேடம் அவனுக்கே திரும்பியது. இடையில் அவ்வேடத்தை ஏற்றவனிடம் நடந்ததை எடுத்துச் சொன்னேன். அவன் மாற்று ஆளாக நின்றான். அன்றிலிருந்து அந்த மூன்றாம் காட்சிக்கு எங்கள் ஒத்திகைக் கூடம் கடற்கரை மணல். ஷ்மிட் நினைவுச் சின்னத்திற்கு அருகில், மீன்பிடி படகுகள் கரையேறும் வேளையில், மூன்று பிள்ளைகள் வசனம் பேசுவார்கள். நான் மணலில் அமர்ந்து கேட்பேன். எல்லாரும் கூடியது மொத்தம் நான்கே முறைதான். நாடகம் அதனால் குறைவுபடவில்லை.

தம்பிமார்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஆறு மணிக்கு எல்லாரும் வர வேண்டும்' என்று கட்டளையிட்டு, பத்துப் பேரைச் சும்மா உட்கார வைத்து, நான்கு பேருக்குப் பயிற்சி தருவதுதான் பல இடங்களில் நடக்கும் ஒத்திகை. நேரம் அங்கேதான் கரைகிறது. பழி மட்டும் வர முடியாத பிள்ளைமீது விழுகிறது.

ஆறாம் நாள் முதல் கையில் தாள் கூடாது என்று விதித்தேன். மறந்தால் கதையின் கருத்தைச் சொந்தச் சொற்களில் சொல்லலாம். நிற்க மட்டும் கூடாது. வசனம் எடுத்துக்கொடுக்கிறவரை மேடையின் பக்கத்தில் ஒளித்து வைக்காமல், முன்வரிசையில் தரையில் அமர்த்தினேன். பிள்ளைகள் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அதனால் நின்றது.

ஏழு, எட்டு, ஒன்பதாம் நாட்களில் தளர்ந்த இடங்களை மட்டுமே பார்த்தோம். நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்றுண்டு. ஒவ்வொரு நாளும் முதல் காட்சியிலிருந்தே தொடங்குவார்கள். நேரம் முடிந்துவிடும். விழா நாள் வரும்போது முதல் காட்சி முப்பது முறையும், கடைசிக் காட்சி மூன்று முறையும் பழகப்பட்டிருக்கும். பார்க்கிறவர்கள் மனத்தில் நிற்பதோ கடைசிக் காட்சி! ஆகவே எட்டாம் நாள் கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி வந்தோம்.

பத்தாம் நாள் கைப்பொருள்கள் வந்தன. ஒரு சிலேட்டு, ஒரு குடம், ஒரு துண்டு, ஆல்காட்டுக்குப் பஞ்சுத் தாடி. ஒவ்வொருவரும் தம் கையில் தூக்கி வரக்கூடியதற்கு மேல் ஒன்றும் வேண்டா. காட்சி மாற்றத்திற்குப் படுதா இல்லை, பறையொலிதான். பெரியவர்கள் சிலர், "அந்த இழிவிலிருந்து வெளியே வரத்தானே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம்" என்று வருந்தினார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. எவரும் ஏவாமல், விரும்பிக் கற்ற மாணவி ஒருத்தியே அடித்தாள். அவள் அடிப்பதைப் பார்த்த பிறகு அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

பதினோராம் நாள், விழா நடக்கும் அதே திடலில், அதே மாலை வேளையில் இரண்டு முறை முழு ஒத்திகை. இங்கே ஒரு சிறு நுட்பம். நம் கடலோரத்தில் மாலையில் காற்று கடலிலிருந்து கரை நோக்கி வீசும். நடிப்பவர்கள் கரையைப் பார்த்து, கடலுக்கு முதுகு காட்டி நின்றால், காற்றே குரலை மக்களிடம் கொண்டு செல்லும். மறையும் கதிரவன் மேற்கே இருப்பதால் நடிப்பவர் முகத்தில் ஒளியும் விழும். இதற்கு மாறாக மேடையை அமைத்தால் எத்தனை ஒலிபெருக்கி வைத்தாலும் பிள்ளைகள் கத்த வேண்டியிருக்கும். இதை ஒரு நாள் முன்னதாகவே அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் அறியலாம்.

பன்னிரண்டாம் நாள் நடிப்பே இல்லை. யார் எந்தப் பக்கம் வருவது, எந்தப் பக்கம் போவது என்பதை மட்டும் நடந்து பார்த்துவிட்டு, எல்லாரையும் நேரத்தோடு வீட்டிற்கு அனுப்பினேன். கடைசி நாளில் பிள்ளைகளைத் திட்டித் திருத்தியது எதுவும் மேடையில் நின்றதில்லை. தூக்கம் நின்றிருக்கிறது.

விழா நாளில் எல்லாம் செம்மையாக நடந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆசிரியராக நடித்த மாணவி, இரண்டாம் காட்சியில் பேச வேண்டியதை விட்டு, நான்காம் காட்சி வசனத்திற்குத் தாவிவிட்டாள். இரண்டு வசனங்களும் ஒரே சொல்லில் தொடங்கியதே காரணம். அது எழுதியவனாகிய என் குற்றம். ஒரே மாதிரி தொடங்கும் இரு வசனங்களை விட்டு வைக்கலாகாது. எதிரில் நின்ற பிள்ளைகள் ஒரு கணம் விழித்தார்கள். உடனே பாட்டுக் குழுவின் தலைவி மூன்றாம் காட்சிப் பாட்டைத் தொடங்கினாள். பறை ஒலித்தது. எல்லாரும் தம் இடத்திற்கு வந்து சேர்ந்தார்கள். 'எங்கே சிக்கினாலும் அடுத்த பாட்டைப் பாடு' என்று முதல் வாரமே அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆர்மோனியக்காரரிடம் கற்ற பாடம் அது.

மூன்றாம் காட்சியில் அம்மாணவன் வந்தான். பள்ளிக்கூட வாசலில் நின்று, "எம் புள்ளைய உள்ள உக்கார வப்பீங்களா, வெளிய உக்கார வப்பீங்களா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவனுடைய முக்கியமான வசனம். அதைப் பிள்ளைகளே வட்டத்தில் உட்கார்ந்து அமைத்தார்கள், நான் எழுதியதன்று. அவன் அதை மெதுவாகக் கேட்டான். கேட்டுவிட்டு, பதிலுக்காக உண்மையாகவே காத்து நின்றான். திடலில் பேச்சொலி அடங்கிற்று. பின்வரிசையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார் அவன் தாயார். நாடகம் முடிந்ததும் தாயும் மகனும் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். விடுமுறை நாள், கூட்டம் மிகுதியாக இருக்கும் அல்லவா?

அன்பர்களே! அடுத்த ஏப்ரலில் உங்களில் ஒருவர் இந்த நாடகப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். எனக்கும் ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது. அப்போது உங்களுக்கும் பத்து நாளோ பன்னிரண்டு நாளோதான் கிடைக்கும். கூடுதலாக வேண்டும் என்று ஏங்காதீர்கள். நம் வீடுகளில் எவருக்கும் மிகுதியான நேரம் இருந்ததில்லை. இருக்கிற நேரத்தைக் கொண்டே நம் முன்னோர் எழுத்தறிந்தார்கள், சங்கம் கண்டார்கள், இந்த வெள்ளி விழாவரை வந்து சேர்ந்தார்கள்.

ஒத்திகை தொடங்கும் நாளில் கரும்பலகையில் பிள்ளைகளின் பெயர்களை எழுதுங்கள். எதிரே அவரவர் நேரத்தை எழுதுங்கள். அதன்பின் காட்சிகளை அதற்குள் பொருத்துங்கள். நாள் போதாவிட்டால் காட்சியை வெட்டுங்கள், வசனத்தை வெட்டுங்கள், என்னைப் போன்ற பெரியவர்கள் பேசும் தலைமையுரையையும் வெட்டுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரையும் அழிக்காதீர்கள்.

 வளர்க நம் சங்கம்! வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்!